சிகிச்சைக்கு நடுவே வீடு திரும்பும் பேரப்பிள்ளை: தாத்தா பாட்டிகளுக்கான பாடம்

உங்கள் பேரனுக்கோ பேத்திக்கோ புற்றுநோய் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். சில வாரங்கள் வார்டில் இருந்த பிள்ளை இப்போது வீட்டுக்கு வந்திருக்கிறது. அப்பா வேலைக்குப் போக வேண்டும். அம்மா மற்றப் பிள்ளைகளையும் கவனிக்க வேண்டும். பகலில் பல மணி நேரம் பிள்ளை உங்கள் பொறுப்பில் இருக்கும்.

இந்தப் பாடம் உங்களுக்காக எழுதப்பட்டது. நிதானமாகப் படியுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் வீட்டில் யாரையாவது சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைசியில் சில கேள்விகள் உள்ளன. அவற்றுக்குப் பதில் சொல்ல முடிந்தால், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் தயார்.

1. வீட்டுக்கு அனுப்பியது ஏன்?

வடமாநிலங்களில் புற்றுநோய் கண்ட பிள்ளைகள் பலர் ஜார்ஜ்டவுன், ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனைக்கு அனுப்பப்படுகிறார்கள். பினாங்குத் தீவு, செபெராங் பிறை மட்டுமல்லாமல் கெடா, பெர்லிஸ் பகுதிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள்.

பிள்ளைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது இரத்தப் புற்றுநோய். அதில் ஒரு வகைக்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை நீடிக்கும். அத்தனை நாளும் மருத்துவமனையில் இருக்கத் தேவையில்லை. சில நாட்கள் மருந்து ஏற்றுவார்கள். பிறகு உடல் தேறுவதற்காக வீட்டுக்கு அனுப்புவார்கள். மீண்டும் வரச் சொல்வார்கள். பிற்காலத்தில் பெரும்பாலான மருந்துகள் வீட்டிலேயே மாத்திரையாகக் கொடுக்கப்படும்.

ஆகவே வீடு திரும்பியதற்கு இரண்டு தவறான அர்த்தம் கொள்ள வேண்டாம். “குணமாகிவிட்டது, இனி மருந்து வேண்டாம்” என்று நினைக்கக் கூடாது. “கைவிட்டுவிட்டார்கள்” என்றும் நினைக்கக் கூடாது. வீட்டில் இருக்கும் நாட்களும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

நம்பிக்கையோடு இருக்கக் காரணம் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வசதியுள்ள நாடுகளில் புற்றுநோய் கண்ட பிள்ளைகளில் 100க்கு 80க்கும் மேற்பட்டோர் குணமடைகிறார்கள். நம் இளமைக் காலத்தில் கேள்விப்பட்டது போல் இப்போது இல்லை. ஆனால் சிகிச்சை இடையில் நின்றாலோ, வீட்டில் வந்த காய்ச்சலுக்குத் தாமதமாக மருத்துவம் செய்தாலோ, நோய் குணமாகும் நிலையில் இருக்கும் பிள்ளையையும் இழக்க நேரிடலாம்.

2. காய்ச்சல்: காத்திருக்கக் கூடாது

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்.

புற்றுநோய் மருந்து நோயணுக்களை மட்டும் அழிப்பதில்லை. கிருமியை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களையும் குறைத்துவிடும். பல மருந்துகளுக்கு, மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாட்களுக்குள் வெள்ளணுக்கள் மிகவும் குறையும். அந்த நாட்களில்தான் பிள்ளை பெரும்பாலும் வீட்டில் இருக்கும். பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். ஓடும், சிரிக்கும், கைப்பேசி கேட்டு அடம்பிடிக்கும்.

வெள்ளணு இல்லாத உடலில் கிருமி புகுந்தால் புண் சிவக்காமல் இருக்கலாம், சீழ் பிடிக்காமலும் இருக்கலாம். காய்ச்சல் ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். சில மணி நேரத்தில் கிருமி இரத்தம் முழுவதும் பரவி, இரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். நாம் நம் பிள்ளைகளை வளர்த்தபோது, காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்து, பனடோல் கொடுத்து, காலை வரை பார்ப்போம். இந்தப் பிள்ளைக்கு அது சரிவராது.

*செய்ய வேண்டியவை*

- வீட்டில் எண் காட்டும் மின்னணு வெப்பமானி ஒன்று இருக்கட்டும். நெற்றியில் கை வைத்துப் பார்ப்பது போதாது.
- பிள்ளை சோர்ந்தாலோ, நடுங்கினாலோ, உடல் சுட்டாலோ உடனே அளவு பாருங்கள்.
- 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால், உடனே வார்டுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். பழைய வெப்பமானியில் அது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட். உங்கள் வார்டு வேறு அளவு சொல்லியிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். அக்குளில் வைப்பதா, காதில் வைப்பதா என்பதையும் வார்டில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.
- இரவு 2 மணியானாலும் புறப்படுங்கள். மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள், கிராப் வண்டி எடுங்கள். பிள்ளை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 999 எண்ணை அழையுங்கள்.
- வெளிநோயாளி வரிசையில் எண் எடுத்து உட்கார வேண்டாம். நேரே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

*செய்யக் கூடாதவை*

- மருத்துவர் சொல்லாமல் பனடோல் கொடுக்காதீர்கள். அது சூட்டைக் குறைத்துக் காய்ச்சலை மறைக்கும். கிருமியை ஒன்றும் செய்யாது.
- ஆஸ்பிரின், இபுபுரோஃபென் கொடுக்கவே கூடாது. இரத்தக் கசிவை உண்டாக்கும்.
- ஆசனவாயில் வெப்பமானி வைக்கக் கூடாது. ஆசனவாய் வழியே எந்த மருந்தும் வைக்கக் கூடாது.

அவசரப் பிரிவில் மலாயில் சொல்லத் தயங்கினால், இந்த வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “சூச்சு சாயா செடாங் புவாட் கீமோ. டியா டெமாம்.” என் பேரப்பிள்ளை கீமோ சிகிச்சையில் இருக்கிறது, காய்ச்சல் வந்திருக்கிறது என்று பொருள். இதைக் கேட்டவுடன் அவர்கள் வேகமாகச் செயல்படுவார்கள். பிள்ளை வந்து சேர்ந்த 60 நிமிடங்களுக்குள் கிருமிக்கொல்லி மருந்தை நரம்பில் ஏற்ற வேண்டும் என்பது பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகள் வைத்திருக்கும் இலக்கு. நீங்கள் வீட்டில் செலவழிக்கும் நேரத்தை யாராலும் திரும்பப் பெற முடியாது.

பட்டர்வொர்த், புக்கிட் மெர்தாஜாம், கூலிம், சுங்கை பட்டாணி போன்ற இடங்களில் இருப்பவர்கள் ஒன்றை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்: “காய்ச்சல் வந்தால் பாலம் தாண்டி நேரே பினாங்கு மருத்துவமனைக்கு வர வேண்டுமா, பக்கத்து அரசாங்க மருத்துவமனைக்கு முதலில் போக வேண்டுமா?” தீவில் இருப்பவர்களும் தைப்பூச நாட்களில் ஜாலான் உத்தாமா, தண்ணீர்மலை சாலைப் பகுதிகளில் போக்குவரத்து மாற்றிவிடப்படும் என்பதை நினைவில் வைத்து, வேறு வழியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

*அவசரப் பை*

கதவுப் பக்கத்தில் ஒரு பை எப்போதும் தயாராக இருக்கட்டும். அதில் பிள்ளையின் மைகிட் அட்டை, மருத்துவமனைப் புத்தகம், மருந்துப் பட்டியல், வார்டின் தொலைபேசி எண், மாற்றுத் துணி, கைப்பேசி சார்ஜர், கொஞ்சம் பணம் ஆகியவை இருக்க வேண்டும்.

3. காய்ச்சல் இல்லாவிட்டாலும் உடனே அழைக்க வேண்டியவை

- உடல் வெடவெடவென்று நடுங்குதல். நெஞ்சிலோ கையிலோ மருந்துக் குழாய் பொருத்தியிருந்தால், அதைச் சுத்தம் செய்த பிறகு வரும் நடுக்கம் மிக முக்கியம்.
- மூக்கிலோ ஈறிலோ நிற்காமல் இரத்தம் வருதல், கறுப்பாக மலம் போதல், தோலில் சிறுசிறு சிவப்புப் புள்ளிகள் அல்லது காரணமில்லாத கன்றல்.
- தலையில் அடிபடுதல், கடுமையான தலைவலி, வலிப்பு.
- மூச்சு வாங்குதல், எழுப்பினாலும் எழாத தூக்கம், பிதற்றல்.
- எதையும் குடிக்க முடியாத அளவுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, வாய்ப்புண்.
- கடும் வயிற்றுவலி, மலச்சிக்கல், மலம் கழிக்கும்போது வலி.
- குழாய் பொருத்திய இடத்தில் சிவப்பு, வீக்கம், கசிவு.

இன்னொன்றும் உண்டு. ஸ்டீராய்டு மருந்து சாப்பிடும் நாட்களில் கிருமி தாக்கினாலும் காய்ச்சல் தெரியாமல் போகலாம். வெப்பமானி சரியாகக் காட்டினாலும் “பிள்ளை முகமே சரியில்லை” என்று உங்களுக்குத் தோன்றினால், வார்டை அழைத்துச் சொல்லுங்கள். தினமும் பார்க்கும் உங்கள் கண்ணுக்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும்.

4. அம்மை, அக்கி, இருமல்

பெரியவர்களாகிய நம்மிடமிருந்தே பிள்ளைக்கு ஆபத்து வரலாம். பலருக்கு இது தெரியாது.

*நீர்க்கொப்புள அம்மை.* மற்றப் பிள்ளைகளுக்கு இது சில நாளில் போய்விடும். கீமோ சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கு நுரையீரல், ஈரல் வரை பாதிக்கலாம். அம்மை கண்டவரோடு பிள்ளை விளையாடியது தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றே வார்டை அழையுங்கள். தடுக்கும் மருந்து உண்டு. அதைச் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். வீட்டு வாசலில் வேப்பிலை கட்டுவது உங்கள் வழக்கமானால் கட்டுங்கள். ஆனால் அம்மனுக்குரிய நோய் என்று மருத்துவமனைக்குப் போகாமல் இருக்க வேண்டாம்.

*அக்கி.* மலாயில் இதைக் காயாப் என்பார்கள். நாம் சிறு வயதில் அம்மை கண்டபோது வந்த கிருமி உடலை விட்டுப் போவதில்லை. நரம்பில் தூங்கிக் கிடந்து, வயதான காலத்தில் இடுப்பிலோ முதுகிலோ முகத்திலோ ஒரு பக்கமாகக் கொப்புளமாக எழும். அதுதான் அக்கி. அந்தக் கொப்புள நீரிலிருந்து பிள்ளைக்கு அம்மை தொற்றலாம். உங்களுக்கு ஒரு பக்கம் எரிச்சலோடு கொப்புளம் கண்டால், காவி பூசிக்கொண்டு பிள்ளையைத் தூக்கி வைத்திருக்காதீர்கள். கிளினிக்குக்குப் போங்கள். கொப்புளத்தைத் துணியால் மூடுங்கள். எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்காகும்வரை வேறொருவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். வார்டுக்கும் சொல்லுங்கள்.

*நீண்ட நாள் இருமல்.* உங்களுக்கோ வீட்டில் வேறு யாருக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், காசநோய்ச் சோதனை செய்துகொள்ளுங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் செய்யலாம்.

*தடுப்பூசி.* வீட்டில் உள்ள பெரியவர்கள் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொள்வது பிள்ளைக்கும் பாதுகாப்பு. ஆனால் சிகிச்சையில் உள்ள பிள்ளைக்கு வார்டைக் கேட்காமல் எந்தத் தடுப்பூசியும் போடக் கூடாது. பள்ளியில் போடுவதற்கும் இது பொருந்தும். தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி போன்றவற்றில் வலுக்குறைத்த உயிர்க்கிருமி இருக்கிறது.

5. மாத்திரைகள்

வீட்டில் கொடுக்கும் மாத்திரைகளில் ஒன்று மெத்தோட்ரெக்சேட். அதன் பின்னால் ஒரு வரலாறு உண்டு. அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் 1895இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். அமெரிக்காவுக்குப் போய் லெடர்லே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். அவருடைய குழு தயாரித்த மருந்தைக் கொண்டுதான் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் நோயைத் தற்காலிகமாகத் தணிக்க முடியும் என்று 1948இல் காட்டினார். மெத்தோட்ரெக்சேட் அந்த மருந்தின் நெருங்கிய உறவு. இன்று அதை மற்ற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்து, நோயை முழுமையாகவே குணமாக்குகிறார்கள்.

இந்த மாத்திரையை வழக்கமாக *வாரத்தில் ஒரு நாள்* மட்டுமே கொடுப்பார்கள். மறதியாகத் தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. நாள்காட்டியில் அந்தக் கிழமையைச் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். கொடுத்தவுடன் குறியிடுங்கள். காலையில் மருமகள் கொடுத்ததை மாலையில் நீங்களும் கொடுத்துவிடாமல் இருக்க, மருந்து கொடுக்கும் பொறுப்பு ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

- பிள்ளை நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நிறுத்த வேண்டாம். விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நோய் திரும்ப வரும் ஆபத்து கூடும்.
- ஸ்டீராய்டு மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.
- மருந்தை வாந்தி எடுத்தாலோ, ஒரு வேளை மறந்தாலோ மறுபடியும் கொடுக்காதீர்கள். வார்டைக் கேளுங்கள்.
- கீமோ மாத்திரையைக் கையுறை அணிந்து எடுங்கள். நீங்களாக உடைக்கவோ பொடிக்கவோ வேண்டாம். கர்ப்பிணிகள் தொடக் கூடாது.
- கீமோ கொடுத்த 48 மணி நேரத்துக்கு, பிள்ளையின் சிறுநீர், மலம், வாந்தியைக் கையுறையோடு சுத்தம் செய்யுங்கள். கழிப்பறையை மூடியபடி இரண்டு முறை தண்ணீர் விடுங்கள். அழுக்குத் துணியைத் தனியாகத் துவையுங்கள்.
- உங்கள் இரத்த அழுத்த மாத்திரையும் நீரிழிவு மாத்திரையும் வேறு அலமாரியில் பூட்டி இருக்கட்டும்.

6. சாப்பாடு

“பிள்ளை இளைத்துவிட்டது, நல்லதாக நாலு வாய் கொடுக்க வேண்டும்” என்று மனம் துடிக்கும். கொடுங்கள். ஆனால் புதிதாகச் சமைத்து, சூடாகக் கொடுங்கள்.

*நல்லது:* குழைந்த சோறு, பருப்பு, ரசம், இட்லி, நன்றாக வெந்த மீன், கோழி, முழுதாக வெந்த முட்டை, கொதித்து ஆறிய தண்ணீர், கழுவித் தோல் உரித்த வாழைப்பழம், ஆரஞ்சு.

*தவிர்க்க வேண்டியது:*

- அரை வேக்காட்டு முட்டை. காப்பிக்கடையில் தாத்தா வாங்கிக் கொடுத்தால் சத்து என்று நினைப்போம். அதில் கிருமி இருக்கலாம்.
- பசெம்போர், ஊலாம் போன்ற பச்சைக் காய்கள். சரியாக வேகாத சிப்பி, இறால்.
- செண்டோல், ஐஸ் கச்சாங், கடைத் தெருவில் வெட்டி வைத்த பழம்.
- நாசி கண்டார் கடையில் மணிக்கணக்கில் திறந்திருக்கும் கறி. வீட்டிலும் காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியை மாலைவரை வெளியே வைத்துக் கொடுக்கக் கூடாது.
- காய்ச்சாத பால். வீட்டில் உறை ஊற்றிய தயிர், மோர் கொடுக்கலாமா என்று வார்டைக் கேளுங்கள்.
- பம்பளிமாஸ் போன்ற சில பழங்கள் சில மருந்துகளோடு சேராது. மருந்தாளுநரைக் கேளுங்கள்.

ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் பிள்ளை நடு இரவில் எழுந்து சோறு கேட்கும். சற்று நேரம் கழித்து மறுபடியும் கேட்கும். முகம் வீங்கும், கோபம் வரும், அழுகை வரும். இது மருந்தின் வேலை, வளர்ப்பின் குறை இல்லை. உப்பும் சர்க்கரையும் குறைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். மற்ற நாட்களில் பசியே இருக்காது. அப்போது வற்புறுத்தாமல், இரண்டு வாய் போதும் என்று விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துக் கொடுங்கள்.

பல் தேய்க்க மிக மெதுவான தூரிகை வேண்டும். வார்டில் கொடுத்த வாய் கொப்பளிக்கும் மருந்தைத் தவறாமல் பயன்படுத்துங்கள்.

7. கை வைத்தியம்

நீங்கள் அறிந்த வைத்தியம் பல தலைமுறை அனுபவம். ஆனால் கீமோ மருந்து உடலில் ஓடும் பிள்ளை அந்த அனுபவத்துக்குள் வராத பிள்ளை. பல கீமோ மருந்துகளை ஈரலும் சிறுநீரகமும்தான் கழிக்கின்றன. மூலிகையும் அதே வழியாகப் போகும்போது, மருந்து உடலில் அளவுக்கு மேல் தேங்கலாம், அல்லது வேலை செய்யாமல் போகலாம்.

நிலவேம்பு, கீழாநெல்லி, பப்பாளி இலைச்சாறு, லேகியம், சூரணம், மஞ்சள் மாத்திரை, புற்றுநோய்க்கு என்று சொல்லி விற்கும் சபா பாம்புப் புல், முள்ளுச் சீத்தா இலை ஆகிய எதையும் மருத்துவருக்குத் தெரியாமல் கொடுக்க வேண்டாம். சமையலில் போடும் மஞ்சளும் மிளகும் சீரகமும் பிரச்சினை இல்லை. ஏற்கெனவே ஏதாவது கொடுத்திருந்தால் பயப்படாமல் சொல்லுங்கள். அது தெரிந்தால்தான் மருத்துவர் சரியான முடிவு எடுக்க முடியும்.

மலச்சிக்கலுக்கு வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு வைப்பது நம் வழக்கம். இந்தப் பிள்ளைக்கு அது மிக ஆபத்து. ஆசனவாயில் சிறு கீறல் விழுந்தாலும் கிருமி நேரே இரத்தத்தில் கலந்துவிடும். விளக்கெண்ணெயும் வேண்டாம். மலச்சிக்கலை உண்டாக்கும் மருந்து சிகிச்சையிலேயே உண்டு என்பதால், அதற்கான மருந்தை வார்டிலேயே தருவார்கள்.

காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடுதல், தொக்கம் எடுத்தல், சுளுக்கு வழித்தல் ஆகியவையும் வேண்டாம். பிள்ளையின் கால் வலித்தால் மெதுவாகத் தடவிக் கொடுங்கள். நடை தடுமாறுவதைக் கண்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

8. கோயில், விருந்தினர், வீடு

வீட்டில் விளக்கேற்றி வேண்டிக்கொள்வதற்கும் திருநீறு பூசுவதற்கும் தடையில்லை. சாம்பிராணிப் புகை, ஊதுவத்திப் புகை பிள்ளை இருக்கும் அறையில் வேண்டாம். சிகரெட்டும் கூடாது.

தண்ணீர்மலை முருகனுக்குக் காவடி, முடி காணிக்கை என்று நேர்ந்திருப்பீர்கள். வெள்ளணு குறைந்த நாட்களில் தைப்பூசக் கூட்டத்துக்குள் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டாம். சிகிச்சை முடிந்தபின் நிறைவேற்றலாம். முடி கொட்டத் தொடங்கினால் சவரக் கத்தியால் மழிக்க வேண்டாம், தோல் கீறும். மின் கத்தரியால் ஒட்ட வெட்டிவிடலாம். முடி பெரும்பாலும் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் வளரும்.

உறவினர்கள் பார்க்க வருவார்கள். வாசலிலேயே கை கழுவச் சொல்லுங்கள். சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் இன்னொரு நாள் வரட்டும். சொல்வதற்குச் சங்கடமாக இருந்தால் இந்தக் கையேட்டைக் கதவில் ஒட்டிவிடுங்கள். “மருத்துவமனை உத்தரவு” என்றால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

டிங்கிக் காய்ச்சல் நம் ஊரில் இருக்கிறது. பூச்சட்டி, வாளி, குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். பகலிலும் கொசு கடிக்காமல் பாருங்கள். புகைமூட்ட நாட்களில் சன்னலைச் சாத்தி, பிள்ளையை உள்ளேயே வைத்திருங்கள். கோழிக்கூடு, பறவைக் கூண்டு, பூனையின் கழிவு ஆகியவற்றைப் பிள்ளை தொட வேண்டாம்.

9. பிள்ளையின் மனம்

புற்றுநோய் தொற்றாது. அண்ணன் தங்கைகள் கட்டிப்பிடிக்கலாம், ஒன்றாகப் படுக்கலாம். தட்டு, கோப்பை, துண்டு மட்டும் தனியாக இருக்கட்டும்.

யாருடைய கண்ணும் பட்டு இந்த நோய் வரவில்லை. கர்ப்பத்தில் அம்மா சாப்பிட்ட ஒன்றாலும் வரவில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஏன் வந்தது என்று மருத்துவத்தால் காரணம் காட்ட முடிவதில்லை. “எந்த ஜென்மத்துப் பாவமோ” என்று நீங்கள் அழுதால், அடுத்த அறையில் பிள்ளை அதைத் தன் தவறு என்று எடுத்துக்கொள்ளும். மருமகளும் அதைத்தான் கேட்பாள். வீட்டுப் பெரியவர் “யார் மேலும் தப்பில்லை” என்று ஒருமுறை சொன்னால், குடும்பத்தில் பாதிப் பாரம் இறங்கும்.

பிள்ளை கேட்டால் பொய் சொல்ல வேண்டாம். “உன் இரத்தத்தில் ஒரு நோய் இருக்கிறது, அதற்குத்தான் மருந்து, பாட்டி கூடவே இருப்பேன்” என்று வயதுக்கேற்பச் சொல்லலாம். கதை சொல்லுங்கள், பல்லாங்குழி ஆடுங்கள். நாள் முழுதும் படுக்க வைக்கத் தேவையில்லை. பள்ளிக்கு எப்போது போகலாம் என்று மருத்துவர் சொல்வார். அதுவரை பாடம் படிக்க என்ன உதவி உண்டு என்று பள்ளியிலும் வார்டிலும் கேளுங்கள்.

மற்றப் பேரப்பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். எல்லாரும் ஒரே பிள்ளையைச் சுற்றி இருக்கும்போது அவர்கள் பேசாமல் ஒதுங்கிவிடுவார்கள். தினமும் சிறிது நேரம் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள்.

10. உங்கள் உடல்

உங்கள் மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். உங்கள் கிளினிக் தவணையைத் தவறவிடாதீர்கள். இரவு விழிப்பதை வீட்டில் உள்ளவர்களோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். மனம் தாங்காவிட்டால் வார்டுத் தாதியிடமோ மருத்துவமனைச் சமூகநல அதிகாரியிடமோ பேசுங்கள். பயணச் செலவு, குடும்பச் சிரமம் பற்றியும் அந்த அதிகாரியிடம் கேட்கலாம்.

11. உங்களையே சோதித்துப் பாருங்கள்

*கேள்வி 1.* மருந்து ஏற்றி 9 நாள் ஆகிறது. மாலை 6 மணிக்குப் பேத்தியின் உடல் 38.2 டிகிரி. ஆனால் சிரித்து விளையாடுகிறாள். அப்பா 8 மணிக்கு வருவார். என்ன செய்வீர்கள்?
*பதில்:* அப்பாவுக்காகக் காத்திருக்கக் கூடாது. பனடோல் கொடுக்கக் கூடாது. வார்டுக்குச் சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உடனே புறப்பட வேண்டும்.

*கேள்வி 2.* தாத்தாவின் முதுகில் ஒரு பக்கம் எரிச்சலோடு கொப்புளம். அவர்தான் தினமும் பேரனைத் தூங்க வைப்பவர்.
*பதில்:* அக்கியாக இருக்கலாம். தாத்தா கிளினிக்குக்குப் போக வேண்டும். பேரனைப் பார்த்துக்கொள்ள வேறொருவர் வேண்டும். வார்டுக்கு அன்றே சொல்ல வேண்டும்.

*கேள்வி 3.* மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். சனிக்கிழமை காலை, நேற்றுக் கொடுத்தோமா என்று யாருக்கும் நினைவில்லை.
*பதில்:* மறுபடியும் கொடுக்கக் கூடாது. மாத்திரைகளை எண்ணிப் பார்த்து, வார்டை அழைத்துக் கேட்க வேண்டும்.

*கேள்வி 4.* மூன்று நாளாக மலம் போகவில்லை. வயிறு வலிக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா வெற்றிலைக் காம்பு வைக்கச் சொல்கிறார்.
*பதில்:* வைக்கக் கூடாது. வார்டை அழைக்க வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்க

- காய்ச்சல் 38 டிகிரி: உடனே புறப்படு. பனடோல் வேண்டாம்.
- அவசர அழைப்பு: 999
- எங்கள் வார்டின் எண்: ____________
- வேலை நேரம் முடிந்தபின் அழைக்க: ____________
- செல்ல வேண்டிய மருத்துவமனை: ____________
- கூப்பிட வேண்டிய அண்டை வீட்டார்: ____________
- வார மாத்திரை கொடுக்கும் கிழமை: ____________

ஒவ்வொரு பிள்ளையின் சிகிச்சையும் வேறு. இந்தக் கையேடு சொல்வதும் உங்கள் மருத்துவர் சொல்வதும் மாறுபட்டால், மருத்துவர் சொல்வதையே பின்பற்றுங்கள். சந்தேகம் வந்தால் அழைத்துக் கேளுங்கள். நள்ளிரவானாலும் தயங்க வேண்டாம்.